சாமான் கிடைக்காத காலம்: ஒரு ஏ40 எஞ்சினைத் திறந்து பார்த்தபோது

எங்களில் ஒருவரின் வீட்டுக் கொட்டிலுக்குள் ஒரு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் நிற்கிறது. அம்மப்பா வைத்திருந்த கார். அவர் செத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கோழி முட்டையிட்டது, பின் சீற்றில் விறகு அடுக்கினார்கள். இப்போது யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்குப் பழைய கார்களை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் திடீரென அந்தக் காருக்கு மரியாதை வந்துவிட்டது. ஓட வைக்கலாமா என்று பார்க்க ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்கப் போனோம்.

உண்மையைச் சொன்னால், போகும்போதே எங்கள் தலைக்குள் ஒரு கட்டுரை இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்தாரின் கெட்டித்தனம் பற்றியது. எல்லாருடைய வீட்டிலும் சொல்லப்படுகிற கதை. சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்டது, பனஞ்சாற்றில் சவர்க்காரம் செய்தது என்று தொடங்கி, கடைசியில் "எங்கட ஆக்கள் விடமாட்டினம்" என்று முடிகிற கதை. எஞ்சினைத் திறந்த பிறகு அந்தக் கட்டுரையை எங்களால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக எழுதியது இது.

ஓடும்போதே பழசாகிப்போன கார்

சொமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. நாலு சிலிண்டர், 1200 சீசீ. இந்தக் காரின் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துத்தான் இருக்கிறது. அதாவது, சிங்கள 'ஸ்ரீ' வாகனத் தகடுகளுக்கு வந்து, அதற்கு எதிராக வடக்கில் தமிழ் 'ஸ்ரீ' எழுதி, தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசிய 1957-58 காலத்துக்கும் முந்திய கார். ஒரு தகட்டை வைத்தே இவ்வளவு சொல்லலாம் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பழைய கார்களுக்குச் சாமான் கிடைக்காமல் போவது இயல்புதானே, அதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். ஆனால் இந்த நாட்டில் சாமான் தட்டுப்பாடு காரின் வயதால் மட்டும் வந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது புதுக் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. இங்கிலாந்தில் சில வருடம் ஓட்டிவிட்டு விற்கிற காரை இங்கே பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிற அளவுக்கு வைத்திருக்க வேண்டியிருந்தது. திருத்துவது யாருடைய குணமும் இல்லை. வேறு வழியில்லாததால் வந்த பழக்கம் அது.

பிறகு 1977இல் திறந்த பொருளாதாரம். ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. அதோடு ஒஸ்ரினும் மொரிஸும் உண்மையாகவே பழசாகின. இங்கே ஒரு சின்னத் தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மெக்கானிக் ஐயா எங்களுக்கு முதலில் காட்டியது அதைத்தான். ஒரு ஆணி. பழைய பிரித்தானிய ஆணிகளின் புரி 55 பாகைக் கோணத்தில் வெட்டப்பட்டது. ஜப்பான் ஆணியின் புரி 60 பாகை. அளவும் அங்குலத்தில் இல்லை, மில்லிமீற்றரில். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்றுச் சுற்றும், பிறகு இறுகி நிற்கும். வலிந்து முறுக்கினால் எஞ்சினில் உள்ள புரிதான் போகும். "உந்த ஆணி ஒண்டுக்காக லேத்துக்காரனிட்டை நாள்க்கணக்கில நிண்டிருக்கிறன்," என்றார்.

ஆனாலும் பிரித்தானியக் கார்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1952இல் ஒஸ்ரினும் மொரிஸும் ஒரே கம்பனியாகின. அதன் பிறகு ஒரே எஞ்சின் பல கார்களுக்குள் போனது. 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் வந்த சின்ன எஞ்சின் மொரிஸ் மைனருக்கும் போய், மினிக்கும் போய், 2000ஆம் ஆண்டுவரை தயாரிப்பில் இருந்தது. அதைவிடப் பெரிய 1489 சீசீ எஞ்சின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இருந்தது, இந்தியாவின் அம்பாசிடரிலும் இருந்தது. ஆகவே கேம்பிரிட்ஜ் வைத்திருந்தவருக்கு அக்கரையில் சாமான் இருந்தது. எங்கள் சொமர்செற்றின் 1200 சீசீ எஞ்சின் இந்த இரண்டு குடும்பத்திலும் சேராதது. "இது தனிப்பிள்ளை. சொந்தக்காரர் இல்லை," என்று ஐயா சிரித்தார்.

மண்ணெண்ணெய் குடிச்ச வருத்தம்

எஞ்சினின் ஹெட்டைக் கழற்ற அரை நாள் போனது. கழற்றியதும் உள்ளே கரி. வழமையான கரி இல்லை, தடிப்பான கரி. ஐயா விரலால் தடவி மணந்து பார்த்துவிட்டு, "இது சாமான் இல்லாமல் வந்த வருத்தம் இல்லைப் பிள்ளையள். மண்ணெண்ணெய் குடிச்ச வருத்தம்," என்றார்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சிமெந்து, இரும்பு என்று நீண்ட பட்டியல். வாகன உதிரிப்பாகங்களும் அதில் தப்பவில்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, கிளாலிக் கடலில் இரவில் வள்ளத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்த காலம். மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. அதால் வாகனங்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

அது எப்படி வேலை செய்தது என்று எங்களுக்கு அதுவரை சரியாகத் தெரியாது. மண்ணெண்ணெய் பெற்றோல்போல இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் ஊற்றினால் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, குழாய் வழியாகக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். சூடு குறையக் கூடாது என்பதற்காக றேடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்து மறைப்பதும் உண்டு. ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதம் 7:1 அளவில்தான், புது ஜப்பான் எஞ்சின்களைவிடக் குறைவு. அதனால் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. அப்படியும் அடிச் சத்தம் கேட்டால் ஹெட்டுக்குக் கீழே இரண்டு காஸ்கட் போட்டு அமுக்கத்தை இன்னும் குறைப்பார்கள், தீப்பொறி அடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளுவார்கள். எங்கள் காரிலும் இரண்டு காஸ்கட் இருந்தது.

"இதை ஆர் ஐயா முதல்ல கண்டுபிடிச்சது?" என்று கேட்டோம். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "கண்டுபிடிக்கிறதோ? தோட்டக்காரர் தண்ணி இறைக்கிற மிசினை எப்பிடி ஸ்ராட் பண்ணுறவை?"

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நின்ற தண்ணீர் இறைக்கும் மிசின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை. 1940களின் இறுதியில் வந்த பேர்கஸன் உழவு இயந்திரங்களின் ஒரு வகையும் அப்படித்தான், இரண்டு எண்ணெய்க்கும் வேறு வேறு இடம் வைத்தே செய்யப்பட்டது. வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களுக்குத் தெரிந்த விசயம் தடைக்காலத்தில் றோட்டுக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாருடைய கெட்டித்தனமாகவும் நாங்கள் சொல்லித் திரிகிற கதையில் தோட்டக்காரர் எங்கேயும் இல்லை.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து என்ஜின் ஒயிலோடு சேரும். சாதாரணமாகக் கார் ஓட ஓட ஒயில் குறையும். மண்ணெண்ணெய்க் காரில் ஒயில் மட்டம் கூடும். கூடினால் சந்தோசப்படக்கூடாது, ஒயில் தண்ணியாகிறது என்று அர்த்தம். தண்ணியான ஒயில் பெயரிங்கைத் தின்னும், சிலிண்டரைத் தின்னும். தேய்ந்த சிலிண்டருக்கு மண்ணெண்ணெய் இன்னும் வடியும். ஒன்று மற்றதைக் கூட்டும் நோய். ஆகவே மண்ணெண்ணெய் காரை ஓட வைத்தது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அது காரைத் தின்றுகொண்டே ஓட வைத்தது. தின்றதைத் திருத்தச் சாமான் இல்லை, ஏனென்றால் சாமானும் தடைப் பட்டியலில்.

கையால் செய்தவை

அங்கேதான் கராஜும் லேத்தும் வருகின்றன. ஐயா பதினாலு வயதில் கராஜுக்குப் போனவர். செய்தவற்றை அவர் ஒரு பெருமையும் இல்லாமல் வரிசையாகச் சொன்னார்.

காஸ்கட்டில் செப்புத் தகடு இருக்கும். ஒருமுறை இறுகிய செப்பு விறைத்துவிடும், திரும்பப் போட்டால் பிடிக்காது. அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் திரும்ப மெதுமையாகும். இரும்புக்கு இப்படிச் செய்தால் விறைக்கும், செப்புக்கு மெதுமை வரும். அப்படி ஒரே காஸ்கட்டை மூன்று நாலு தரம் போட்டிருக்கிறார்கள். பெற்றோல் பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் ரியூப் ரப்பரில் வெட்டிப் போட ஏலாது, மண்ணெண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும். அதனால் பம்பையே விட்டுவிட்டு, ஒரு தகர ரின்னை எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, தானாக வடிய விட்டார்கள். சிலிண்டர் தேய்ந்தால் துளையைப் பெருப்பித்து, பெரிய பிஸ்ரன் போடவேண்டும். இருபது தவு, முப்பது தவு, நாற்பது தவு. தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாற்பதுக்கு மேல் போனால் உள்ளே இரும்புக் குழாய் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். எங்கள் எஞ்சினில் நாலு சிலிண்டரில் இரண்டுக்குக் குழாய் இறக்கியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் "உள்ளூர் அறிவு" என்று நாங்கள் எழுதுகிற ஒப்படைகளில் இவை வருவதில்லை. அதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லாருடைய வீட்டிலும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள்: "படிக்காட்டி கராஜுக்குத்தான் போகோணும்." கராஜ் என்பது தண்டனையின் பெயர். அந்தத் தண்டனைக்குப் போனவர்கள்தான் தடைக்காலத்தில் நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன கார்களை ஓட வைத்திருக்கிறார்கள். பிறகு அந்தக் கதையைப் படித்தவர்கள் "எங்கட கெட்டித்தனம்" என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு பெட்டி றிங்

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். நாங்கள் கேட்ட ஒரு சாதாரணக் கேள்விதான் மாற்றிவிட்டது. பிஸ்ரன் றிங் வார்ப்பிரும்பில் செய்வது, நெகிழ்ந்து கொடுக்கவேண்டும், ஊர் லேத்தில் செய்கிற சாமான் இல்லை. அப்போ இந்த எஞ்சினுக்குள் இருக்கிற றிங் எங்கேயிருந்து வந்தது?

ஐயா கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுக்கு முந்தி சாமான் வேணுமென்றால் அவர் போவது சோனகதெருப் பக்கம். யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை, பழைய இரும்பு, லொறி ஓட்டம் என்று இந்தத் தொழில்களில் முஸ்லிம் மக்களின் பங்கு பெரியது. அங்கே ஒரு நானா உதிரிப்பாகம் விற்றார். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய கடைகளைக் கிண்டி, ஒருவரும் வாங்காத ஒஸ்ரின் சாமான்களைச் சல்லி விலைக்கு அள்ளிக்கொண்டு வந்து வைப்பார். "எந்தக் காருக்கு எந்தச் சாமான் பொருந்துமெண்டு அந்த மனிசன்ரை தலைக்குள்ள இருந்தது. என்ரை அரைவாசிப் படிப்பு அவரிட்டைத்தான்."

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றினார்கள். வீடு, கடை, நகை, காசு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. இதை நாங்கள் வாசித்திருக்கிறோம், இதே இடத்தில் எழுதியும் இருக்கிறோம். ஆனால் எஞ்சினோடு அதற்கு ஒரு தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை.

"அடுத்த வருசம் ஒராள் ஒரு பெட்டி றிங் கொண்டுவந்தது. ஏ40க்கு. நாப்பது தவு. நான் காசு குடுத்துத்தான் வாங்கினான். பெட்டியின்ரை மூலையில பென்சிலால விலை போட்டிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்."

நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"சமாதானக் காலத்தில பாதை திறந்தவுடன நானா வந்தவர். கராஜில இருந்து ரீ குடிச்சவர். கடை இடிஞ்சு கிடக்கு எண்டு சொன்னவர். நான் சொல்லேல்லை."

யார் இல்லாமல் போனார்கள்

அன்றைக்கு இரவு முழுக்க எங்களுக்குள் வாக்குவாதம். அவரும் பாதிக்கப்பட்டவர்தானே என்றார் ஒருவர். உண்மைதான். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவரும் கராஜைப் பூட்டிவிட்டு நடந்தவர். திரும்பி வந்தபோது ஆயுதப் பெட்டியில் ஒரு ஸ்பனர்கூட இல்லை. அந்தக் கதையை அவர் எல்லாருக்கும் சொல்கிறார். றிங் பெட்டியின் கதையை இப்போதுதான் சொல்கிறார். இரண்டையும் சமன் செய்யும் வேலை எங்களுடையது இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் ஊரின் வரலாறாகவும் மற்றதை ஒருவருடைய மனதுக்குள்ளும் வைத்திருக்கிறோமே, அது எங்களுடைய பிரச்சினைதான்.

சாமான் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு "தடை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். தடையை விதித்தது அரசு, அதில் சந்தேகம் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தை முழுவதாகத் தண்டிக்கிற தடை அது. ஆனால் சாமானை அறிந்தவர்களையே ஊரைவிட்டுத் துரத்தியது அரசு இல்லை. ஒரு நகரம் தன் உதிரிப்பாகக் கடைக்காரரை, அவருடைய தலைக்குள் இருந்த அட்டவணையோடு சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு, பிறகு சாமான் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அனுப்பியவர்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள். மிஞ்சிய பெட்டியை வாங்கியவர்கள் எங்கள் ஆட்கள். அம்மப்பாவின் கார் தொண்ணூறுகளில் ஓடியது அந்த றிங்கில்தான். எங்கள் நண்பரின் அம்மாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் அந்தக் காரில்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைத் திருத்தி விற்ற சாள்ஸ் வெயார் என்பவரின் முயற்சியில், இலங்கையிலேயே மொரிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். இலங்கைத் தொழிலாளர்கள் தட்டிய தகடு கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போக முடிந்தது. ஓமந்தை தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வர முடியவில்லை. சாமான் அரிதாவது தூரத்தால் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2002இல் பாதை திறந்த பிறகு பல ஏ40களுக்குள் ஜப்பான் எஞ்சின் ஏறியது. பழைய எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போயின. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2022இல் எரிபொருள் வரிசையில் நாங்கள் நாட்கணக்கில் நின்றபோது, வீட்டுப் பெரியவர்கள் திரும்ப மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னார்கள். அப்போது நாங்களும் பெருமையோடுதான் கேட்டோம்.

இப்போது கார் இன்னும் கொட்டிலுக்குள்தான் நிற்கிறது. பெற்றோல் பம்பின் சவ்வு ஒன்று வரவேண்டும், இங்கிலாந்தில் விற்கிறார்களாம். தேய்ந்த றிங்குகளையும் மாற்றவேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். கழற்றியதை எறியவேண்டாம் என்று கேட்டு வாங்கி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது என்று எங்களுக்குள் இன்னும் முடிவில்லை.

ஐயாவிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. எந்தக் காரின் எந்தச் சாமானுக்கு எதைப் போட்டார் என்று நாற்பது வருடக் கணக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொண்ணூறுக்கு முந்திய பக்கங்களில் அளவுக்குப் பக்கத்தில் பல இடத்தில் "நானாவைக் கேக்க" என்று எழுதியிருக்கிறது. அந்த நானா இப்போது புத்தளத்தில் இருப்பதாகச் சொன்னார். விலாசம் தெரியும் என்றார். நாங்கள் போனால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.